அழியும் பச்சையும் அழியாப் பச்சையும்

சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் நிகழ்ந்த ஒரு சிறு வாக்குவாதத்தை முன்னிட்டு இதனை எழுதலானேன். வாக்குவாதம் சிறிது, அதன் அடியிற் கிடந்த கேள்வி சிறிதன்று.

நம் சங்கத்துக் குடும்பமொன்றைச் சேர்ந்த பெண், கல்லூரியிற் பயில்பவள், மணிக்கட்டின் உட்புறத்தில் ஓர் அரசிலையோடு வந்திருந்தாள். கருநீல நிறம், இலையின் நரம்புகள் மயிரிழை போல் ஓடின, நுனி நீண்டு சற்றே வளைந்திருந்தது. ஊசியாற் குத்திய பச்சையென்றே அனைவரும் எண்ணினோம். தங்கவயலிற் சுரங்க வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், "நல்ல கையை இப்படியா குத்திக் கெடுத்துக்கொள்வது, அம்மா?" என்று கடிந்துகொண்டார். அவள் சிரித்து, "இது குத்தியதில்லை தாத்தா, பத்து நாளில் போய்விடும்" என்றாள். பெரியவர் அமைதியடைவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ முன்னிலும் சினந்து, "பத்து நாளில் போகிற இலை எதற்கு? நம்பிக்கை என்றால் நிலைக்க வேண்டும். இது வேஷம்" என்றார்.

நிலைத்தாலும் குற்றம், நிலையாவிடினும் குற்றம்! கேட்டிருந்த சிலர் நகைத்தனர். நான் நகைக்கவில்லை. அவ்விரண்டு எண்ணமும் என் உள்ளத்திலும் ஒருங்கே இருந்தன. பெரியவர் வாய்விட்டுக் கூறினார், நான் கூறவில்லை, அவ்வளவே.

முதலில் அப்பொருள் யாதென அறிவோம். நீரில் நனைத்துக் கையில் அழுத்தி எடுக்கும் படம் நமக்குப் புதியதன்று. சுயிங்கம் உறையோடு வந்த அதனைச் சிறுவர்கள் பள்ளிக்கு ஒட்டிச் சென்று அடி வாங்கியதும் உண்டு. அது தோலின்மேல் ஒட்டும் மெல்லிய படலம். இரண்டு மூன்று குளியலில் உரிந்துவிடும். திரைப்பட ஒப்பனைக்காரர்கள் அதனை நுட்பமான கலையாக வளர்த்தனர். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த 'கஜினி' படத்தின் கதாநாயகன் மார்பெல்லாம் எழுத்தும் எண்ணுமாக நின்றதை நம்மவர் பார்த்திருப்பர், அவையெல்லாம் ஒப்பனையே. இத்தகைய ஒப்பனைப் படலங்களுக்காகக் கிறிஸ்டியன் டின்ஸ்லி என்ற கலைஞர் 2008இல் ஆஸ்கார் அமைப்பின் தொழில்நுட்ப விருதும் பெற்றார்.

அப்பெண்ணின் கையிலிருந்தது இவ்வகையன்று, அது சாயம். தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஜாகுவா என வழங்கும் மரம் ஒன்றுண்டு. அதன் பழுக்காத காயின் சாற்றை அமேசான் காட்டுக் குடிகள் பலரும், பனாமா நாட்டு எம்பெரா மக்களும் நெடுங்காலமாக உடலில் எழுதிக்கொள்கின்றனர். பூசும்போது நிறமே தெரியாத அச்சாறு, தோலிலுள்ள புரதத்தோடு கூடி ஒரு நாளைக்குள் கருநீலமாகிவிடும். நம் மருதாணி செம்பழுப்பாதலால் அதனைக் குத்திய பச்சையென்று எவரும் மயங்கார். இதுவோ பச்சையின் நிறமே. இதனை மூலமாகக் கொண்டு கனடாவின் டொரான்டோ நகரில் 2015ஆம் ஆண்டில் 'இங்க்பாக்ஸ்' என்ற நிறுவனம் தோன்றிற்று. பேனா செய்யும் 'பிக்' நிறுவனம் 2022இல் அதனை விலைக்கு வாங்கியது. மேல்தோல் செதில் செதிலாக உதிர்ந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. சாயம் ஏறிய செதில்கள் ஒன்றிரண்டு வாரத்தில் உதிர, ஓவியமும் உடன் உதிர்கிறது. தோல் தானே அழிக்கிறது, நாம் அழிப்பதில்லை.

இனி அழியாப் பச்சைக்கு வருவோம். என் பாட்டியின் முன்கையில் ஒரு கோலமும் ஒரு தேளும் இருந்தன. பத்து வயதில் அத்தைமார் இருவர் தோளைப் பிடித்துக்கொள்ள, ஊரூராக வரும் குறத்தி ஊசியாற் குத்தினாளாம். அகத்தியும் மஞ்சளும் கரித்தெடுத்த மையைத் தாய்ப்பாலிற் குழைத்தார்கள் என்பாள். "சாகும்போது தோட்டைக் கழற்றுவான், மூக்குத்தியைக் கழற்றுவான், இதை எவன் கழற்றுவான்?" என்று பெருமையாகக் கையை நீட்டிக் காட்டுவாள். உடைமை என்று ஒன்றுமில்லாதவளுக்கு அதுவே உடைமை. ஆயினும் ஒரு நாள் நான், "தேள் வேண்டுமென்று நீ கேட்டாயா?" என்றேன். சற்றே யோசித்து, "என்னை யார் கேட்டார்கள்?" என்றாள். அவ்விடையை அக்காலத்தில் நான் பொருட்படுத்தவில்லை. இப்பொழுது அதுவே எல்லாவற்றுக்கும் அடியென்று தோன்றுகிறது.

ஏனெனில் பத்து வயதுச் சிறுமியை அத்தைமார் கேட்கவில்லை. சரி. பதினெட்டு வயது இளைஞன் தானே விரும்பிக் குத்திக்கொள்கிறானே, அவன் யாரைக் கேட்கிறான்? நாற்பது வயதில் அதே கையோடு வாழப்போகும் மனிதனை அவன் கேட்பதில்லை; கேட்கவும் இயலாது. அம்மனிதன் இன்னும் பிறக்கவில்லை. பெயரொன்று, உருவொன்று, ஆனால் விருப்பு வேறு, அறிவு வேறு, நிலைமை வேறு. இது வெறும் தத்துவம் அன்று என்பதற்கு அப்பெண்ணின் வீட்டிலேயே சான்றுண்டு; பெரியவர் அதனை அறியார்.

அவளுடைய தமையன் பதினெட்டாம் வயதில் அண்ணல் அம்பேத்கரின் கையொப்பத்தை வலது முன்கையிற் குத்திக்கொண்டான். அன்பினாற் செய்தான், அதிலே ஐயமில்லை. இரண்டாண்டு கழிந்து மத்திய காவற்படை ஒன்றிற்கு விண்ணப்பித்தான். ஓட்டத்தில் தேறினான், எழுத்துத் தேர்விலும் தேறினான். அப்படைகளின் ஆளெடுப்பு விதியோ, வணக்கம் செலுத்தும் வலது முன்கையிற் பச்சை கூடாது என்கிறது. இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ, அவ்வுறுப்பின் காற்பங்குக்கு உட்பட்ட அளவில் இருக்கலாம். உடற்பரிசோதனையில் நிறுத்தப்பட்டான். பிறகு லேசர் ஒளியால் அழிக்கும் சிகிச்சை. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை. கையொப்பம் போயிற்று, வெளிறிய தழும்பு நின்றது, வயது வரம்பும் அதற்குள் கடந்தது. சிகிச்சையின்போது அவன் அழுதானென்று தாய் கூறினாள். வலியினால் அன்று, எந்த எழுத்தை அழிக்கிறோம் என்பதனால். தங்கை ஏன் பத்து நாளிற் போகும் இலையைத் தேர்ந்தாள் என்பது இப்போது விளங்கும்.

விதி முறையானதா என்று கேட்கலாம். எனக்கு அது முறையாகத் தோன்றவில்லை. வலக்கையில் இருந்தால் என்ன, இடக்கையில் இருந்தால் என்ன? ஆனால் உலகத்து விதிகளெல்லாம் முறையாகும்வரை காத்திருக்க ஓர் இளைஞனின் வயதுக்குப் பொறுமை இல்லை.

இங்கே ஒரு வியப்பையும் கூற வேண்டும். அழியாதது என்று நாம் சொல்லும் பச்சை உண்மையில் எவ்வாறு நிலைக்கிறது? ஊசி மையை மேல்தோலைக் கடந்து உட்தோலிற் செலுத்துகிறது. அங்கே அந்நியப் பொருளை விழுங்கிக் காக்கும் உயிரணுக்கள் அம்மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவ்வணுக்களே அங்கு நெடுங்காலம் உயிரோடிருக்கின்றன என்று முன்னர் எண்ணினர். பிரான்சின் மார்சேய் நகரத்து ஆராய்ச்சியாளர் 2018ஆம் ஆண்டில் எலிகளிடம் சோதித்து வேறு விதமாகக் கண்டனர். அணு சாகிறது, மை வெளிப்படுகிறது, புதிதாய் வந்த அணு அதனை விழுங்குகிறது, அதுவும் சாகிறது. கை மாறிக் கை மாறி மை அங்கேயே நிற்கிறது. காப்பவர் மாறிக்கொண்டேயிருக்க, காக்கப்படுவது மட்டும் நிற்பது போலக் காண்கிறோம். இரவெல்லாம் எரியும் விளக்கின் சுடர் முதற்சாமத்துச் சுடர்தானா என்று நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு விளக்கியதை நம் வாசகர்கள் நினைவுகூர்வர். ஆகவே அநித்தியத்துக்கு விலக்கான பச்சை எதுவுமில்லை. ஒன்று பத்து நாளிற் கலைகிறது, மற்றொன்று உடல் உள்ளவரை இழுத்துக்கொண்டு மங்குகிறது.

நிற்க. அழியாத எழுத்தென்பதை நம் மக்கள் கேட்டவுடன் நினைவுக்கு வருவது கையன்று, நெற்றி. தலையெழுத்து என்ற ஒரு சொல்லால் எத்தனை தலைமுறையினர் வாயடைக்கப்பட்டனர்! எவனோ எழுதினான், எவராலும் அழிக்க முடியாது, ஆகையால் குனிந்து நில் என்றனர். இது கதையோடு நிற்கவுமில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் வங்காளம் முதலிய இடங்களில் தண்டனை பெற்றவரின் நெற்றியிலே குற்றத்தைப் பச்சையாகக் குத்தும் வழக்கம் சட்டப்படி நடைபெற்றது, 1849இல்தான் ஒழிக்கப்பட்டது. ஒழிந்துவிட்டதா? 1993ஆம் ஆண்டு டிசம்பரில் அமிர்தசரஸ் நகரில், களவுக் குற்றஞ்சாட்டிப் பிடித்த பெண்கள் நால்வரின் நெற்றியிற் போலீசார் ஜேப்படிக்காரி என்று பச்சை குத்தினர். குற்றம் இழைத்த போலீசார் மூவர்க்குத் தண்டனை கிடைக்க 2016 ஆயிற்று. இருபத்து மூன்று ஆண்டுகள்! குத்துவதற்குச் சில நிமிடமே பிடித்திருக்கும். 1930ஆம் ஆண்டில் தங்கவயற் சுரங்கத் தொழிலாளர், கைரேகை பதிய மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்ததையும் இங்கே எண்ணுகிறேன். எங்கள் உடம்பைக் கொண்டு எங்களைக் குற்றவாளிபோல் அடையாளப்படுத்தாதே என்பதே அதன் உட்பொருள் என்று நான் கொள்கிறேன்.

இத்தகைய வரலாறுடையோர் மத்தியில், தன் தலைவனின் பெயரைத் தன் கையிலே தானே குத்திக்கொள்ளும் ஒருவனை நான் எளிதில் இகழ மாட்டேன். நீ எழுதியதை மறுத்து நான் எழுதுகிறேன் என்பது அதன் வாக்கியம். அவ்வாக்கியத்தில் வீரமுண்டு. அழியும் பச்சை அவ்விடத்தில் ஈடாகுமா? ஆகாது என்பாருக்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. அவமானத்தை அழியாமல் எழுதினார்கள், மானத்தை மட்டும் ஏன் அழியும் மையால் எழுத வேண்டும் என்று அத்தமையனே என்னைக் கேட்டான். அப்போது நான் வாளாவிருந்தேன்.

ஆயினும் பெரியவரின் இரண்டாம் குற்றச்சாட்டை, பத்து நாளிற் போவது வேஷமே என்பதை, என்னால் ஏற்க இயலவில்லை. உபோசத நாளில் நாம் ஏற்கும் அட்டசீலம் எத்தனை நாளைக்கு? ஒரு பகலும் ஓர் இரவும். மறுநாட் காலையில் அது முடிவுறுகிறது. அடுத்த உபோசதத்தில் மீண்டும் கேட்டு ஏற்கிறோம். மியான்மரிலும் தாய்லாந்திலும் இளைஞர்கள் சில வாரங்களுக்குத் துவராடை உடுத்துப் பின் இல்லம் திரும்புகின்றனர். அதனை வேஷம் என்று அந்நாட்டார் எவரும் கூறுவதில்லை. குறுகிய காலத்துக்கு ஏற்றது பொய்யன்று. மறுபடியும் ஏற்க வேண்டிய நிர்ப்பந்தம் உடையது, மறந்து கிடக்க இடம் கொடாது. கையிலே நிலையாக இருக்கும் எழுத்தை ஆறு மாதத்திற்குப் பின் கண் காண்பதேயில்லை. என் பாட்டி தன் தேளை எத்தனை நாள் பார்த்திருப்பாள்?

வேஷம் வேறிடத்தில் இருக்கிறது. திருவிழாக் கடைகளிலும் கடற்கரைகளிலும் 'கருப்பு மருதாணி' என்று விற்பதிற் பலவற்றில் தலைமுடிச் சாயத்துக்குரிய பிபிடி என்னும் இரசாயனம் கலந்திருக்கும். தூய மருதாணி கருப்பாகப் பிடிப்பதில்லை. சில மணி நேரத்திற் கருமை தருவதைக் கண்டால் ஐயுறுக. அது சிலருக்குக் கொப்புளமும் தழும்பும் உண்டாக்கும். அதனினும் கொடிது, ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்கு அது வாழ்நாள் முழுதும் நிற்கலாம், பிற்காலத்தில் முடிச்சாயம் பூசினாலும் முகம் வீங்கலாம். ஓவியம் பத்து நாளிற் போகிறது, அதன் வினை போவதில்லை. குழந்தையின் கையை நீட்டுமுன் பெற்றோர் இதனை எண்ணுக. ஜாகுவாவும் சிலருக்கு ஒவ்வாது. சிறிது பூசிப் பார்த்தல் நன்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 2021ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம், ஊசியாற் குத்தினும் ஒன்பது முதல் பதினைந்து மாதத்தில் தானே மறைந்துவிடும் பச்சை என்று கூறித் தொழில் தொடங்கிற்று. சொன்ன காலம் கடந்தும் பலர் கையில் அது மறையவில்லை. 2023இல் அதன் கடைகள் மூடப்பட்டன. நிலைக்கும் என்று அறிந்து குத்திக்கொண்டவனுக்கு இல்லாத வருத்தம், மறையும் என்று நம்பியவனுக்கு. பச்சை நிலைத்ததில் என்ன குற்றம்? வாக்கு நிலையாததே குற்றம்.

எனவே என்னைக் கேட்கும் இளைஞருக்கு நான் கூறுவது இது. அழியா எழுத்து வேண்டுமென்று உள்ளம் உந்தினால், முதலில் அதே எழுத்தை அதே இடத்தில் அழியும் மையால் எழுதிக்கொள்க. போனதும் மறுபடி எழுதுக. வேலை தேடிச் செல்லுமிடத்தில் அதனோடு நில்லுங்கள். சண்டையிடும் நாளிலும் சாவு வீட்டிலும் அதனைப் பாருங்கள். ஓராண்டு சலிக்காமல் எழுதினீர்களாயின் பிற்காலத்து மனிதனை ஓரளவு கேட்டுவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

ஒன்று மீதமிருக்கிறது. புத்தர் உருவத்தையே இப்படி ஒட்டிக்கொள்ளலாமா என்று சிலர் வினவினர். மேற்கையில் புத்தர் உருவம் குத்தியிருந்ததற்காக 2014 ஏப்ரலில் கொழும்பு விமான நிலையத்தில் ஓர் ஆங்கிலப் பெண்மணியைக் கைது செய்து நாடு கடத்தினர். அவருடைய உரிமை மீறப்பட்டதென்று 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் செய்தது. தண்டிக்கத்தக்கதன்று என்பதே என் கருத்தும். ஆனால் குளிக்கும்போது உரிந்து சாக்கடையில் ஓடும் படலத்தில் பகவானின் முகம் இருப்பதை என் மனம் ஒப்பவில்லை. இது பகுத்தறிவன்று, பழக்கம் என்று நீங்கள் கூறினால் மறுக்க மாட்டேன். சாஞ்சியின் பழஞ்சிற்பிகள் பகவானை மனித உருவிற் செதுக்காமல் மரமாகவும் அடிச்சுவடாகவும் வெறும் ஆசனமாகவும் செதுக்கினர். அப்பெண்ணும் முகத்தை விடுத்து இலையை எடுத்தாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லையாம்.

இம்மாதப் பௌர்ணமிக்கு அவள் வெறுங்கையோடு வந்தாள். தமையனும் வந்திருந்தான், சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கி விட்டிருந்தான். பெரியவர் அவள் கையைப் பார்த்து, "ஏனம்மா, இந்த முறை இலை இல்லையா?" என்றார். "பரீட்சை தாத்தா, எழுத நேரமில்லை" என்றாள். அவர் நகர்ந்து தமக்கருகே பாயில் இடம் விட்டார். பஞ்சசீலம் சொல்லத் தொடங்கினோம்.