கற்பிக்கும் முன் கற்றுக்கொள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ப்ரோவோ நகரில் மார்மன் சபையின் மிஷனரிப் பயிற்சி மையம் இருக்கிறது. கொரியா செல்லவிருக்கும் இளைஞர்கள் பலர் இங்கே மொழி கற்றிருக்கிறார்கள். ஆசிரியர் முன்பின் தெரியாதவர்போல நடிப்பார். அவரிடம் கொரிய மொழியிலேயே பேசிப் பார்க்க வேண்டும். வேதம் மனப்பாடம், ஆனால் "உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்பதற்குள் நாக்கு குழறுகிறது. கேட்டுவிட்டாலும், வரும் பதிலைப் புரிந்துகொள்ளக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

இப்படி முதலில் மொழி கற்பது புதிதல்ல. 1885-ல் கொரியாவில் கால்வைத்த பிரஸ்பிட்டேரியன் மிஷனரி அண்டர்வுட், வழியில் ஜப்பானில் ஒரு கொரியரிடம் மொழிப்பாடம் கேட்டவர். 1890-ல் கொரிய அகராதியே வெளியிட்டார்.

அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. ஊர் பேசுவதை உட்கார்ந்து கேட்டவர் பேச்சுக்குத்தான் ஊரும் காதுகொடுக்கும்.