மாறும் உறுப்பும் மாறாக் கடனும்

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, ஈற்றில் பழைய உறுப்பு ஒன்றேனும் எஞ்சாத நிலை தோன்றுமாயின், அது முன்னைய பொருள்தானா? மெய்யியல் வரலாற்றில் இவ்வினா மிகப் பழையது. அதென்ஸ் நகர மக்கள் தீசியசின் கப்பலைப் பேணிய வகையைப் புளூட்டார்க் குறிப்பிடுகின்றார். உக்கிய பலகைகளை அகற்றிப் புதியன பொருத்தினர். அது பழைய கப்பலே என ஒரு சாராரும், அன்று என மறுசாராரும் வாதிட்டனர். பாளி மொழியிலமைந்த மிலிந்த பஞ்ஞவில் நாகசேன தேரர், மிலிந்த மன்னனிடம் அவன் ஏறிவந்த தேரைப் பற்றியே வினவுகின்றார். அச்சு தேராகுமா, சில்லு தேராகுமா, நுகம் தேராகுமா என ஒவ்வொன்றாகக் கேட்டு, உறுப்புகள் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்னும் முடிவுக்கு மன்னனை இட்டுச் செல்கின்றார். கப்பலும் தேரும் மக்கள் ஏறிச் செல்லும் ஊர்திகள். ஆயினும், ஏறிச் செல்வோருக்கு யார் பொறுப்பு என்பது இவ்வாதங்களின் பொருளன்று. ஒருமை பற்றிய வினா ஒழுக்கம் பற்றிய வினாவாக மாறும் இடம் ஒன்று உண்டு. அவ்விடத்தைக் காண்பதற்கு, கராச்சில் நிற்கும் பழைய வண்டி ஒன்று போதுமானது.

யப்பானிய சுசுக்கி நிறுவனத்தின் ஜிம்னி வரிசை 1970ஆம் ஆண்டில், 359 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய சிறிய இயந்திரத்துடன் வெளிவந்தது. 1980களின் தொடக்கத்தில் வந்த எஸ்.ஜே.410 என்னும் வகை, நான்கு உருளைகளும் 970 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடையது. கரடுமுரடான பாதைக்கென அமைந்த இச்சிறு வண்டியின் கட்டமைப்பு எளிமையானது. அடிச்சட்டம் ஏணியின் வடிவினது. உடற்கூடு அதன்மேல் வேறாக வைத்துப் பூட்டப்பட்டது. முன்னும் பின்னும் திண்ணிய அச்சுகள், அவற்றைத் தாங்கத் தகட்டு வில்கள். முன் பின் சில்லுகளுக்கு விசையைப் பகிரும் பெட்டி, கியர்ப் பெட்டியிலிருந்து விலகித் தனியே நிற்கும். இரண்டையும் சிறு தண்டு ஒன்று இணைக்கும். ஆகவே, ஒன்றைக் கழற்றும்போது மற்றவற்றையெல்லாம் குலைக்க வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகள் கடந்த வண்டிகளும் இன்றும் ஓடுவதற்கு இவ்வமைப்பு முக்கிய காரணம் எனலாம்.

இலங்கையைப் பொறுத்தவரை பிறிதொரு காரணமும் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்குரிய வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியைத் திருத்தி ஓட்டுதல் விருப்பமாக அன்றித் தேவையாகவே இருந்தது. புதியது வராத நாட்டில் பழையதன் விலை ஏறியது. பழையதைப் புதியது போலக் காட்டும் ஆசையும் உடன் ஏறியது.

இவ்வகை வண்டி ஒன்று மூவர் நால்வர் கைமாறி வந்துள்ளது என்று கொள்வோர், அதன் உறுப்புகளின் வரலாற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இயந்திரம் ஒருமுறை மாற்றப்பட்டிருக்கும். கார்புரேற்றர் வேறொரு வண்டியிலிருந்து வந்திருக்கும். வில்கள், பிறேக் குழாய்கள், கண்ணாடி, இருக்கை யாவும் புதியனவாகியிருக்கும். இதுவும் அதே வண்டிதானா எனின், சட்டம் தயங்காது விடை கூறும். பதிவுச் சான்றிதழில் உள்ள அடிச்சட்ட எண் பொருந்துமாயின் அது அதே வண்டி. அரிஸ்டோட்டிலின் வழிநிற்பவர், சடம் மாறினும் வடிவமும் தொழிலும் நிலைத்திருப்பதனால் அதுவே இது என்பர். நாகசேனரின் வழிநிற்பவர், தொடக்கத்திலேயே பெயரன்றி வேறொன்றும் இருக்கவில்லை என்பர். மூன்று விடைகளும் தத்தம் எல்லைக்குள் பிழையற்றவை. ஆனால் அவ்வண்டியை விலைக்குக் கேட்டு நிற்பவருக்கு இவற்றுள் எதுவும் போதுமானதன்று. அவர் அறிய விரும்புவது, முன்பு இருந்ததுதானா இது என்பதையன்று. சொல்லப்படுவதுதானா இது என்பதையே.

இவ்வேறுபாட்டைக் கறள் தெளிவாகக் காட்டும். பழைய வண்டியின் முதற்பகை இயந்திரத் தேய்வன்று, கறளே. அடிச்சட்டத்தின் உள்வெளியில் சேறும் நீரும் தங்கும். உடற்கூடு சட்டத்தின்மேல் அமரும் இடங்களிலும், தரைவிரிப்பின் கீழும், வில்கள் தொங்கும் தாங்கிகளின் அருகிலும் இரும்பு மெல்ல உக்கும். அனுபவமுள்ள திருத்துநர் சிறு சுத்தியலால் தட்டிச் செவிகொடுப்பார். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உக்கியது மந்தமாக ஒலிக்கும். அதன்பின் அவர் முன் இரு வழிகள் உள்ளன. உக்கிய பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெறிந்து, ஒத்த தடிப்புள்ள தகட்டை வெல்டிங் செய்து பொருத்துவது ஒன்று. கறளின் மேற்பகுதியைச் சுரண்டி, புட்டி அப்பி, தேய்த்து, வர்ணம் பூசுவது மற்றொன்று. முதலாவது பல நாள் வேலை. இரண்டாவது ஒரு நாளில் முடியும். வெளியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

பார்வைக்கு ஒன்றாகவும் உண்மையில் வேறாகவும் உள்ள இரு செயல்களுக்கிடையிலேயே ஒழுக்கம் பிறக்கின்றது. திருத்துநர் செய்த வேலையின் பெரும்பகுதி வண்டியின் அடியில், எவர் கண்ணும் படாத இடத்தில் இருக்கும். அங்கே அவருக்குச் சாட்சி அவரேயாவார். முன்சில்லுகளைத் திருப்பும் மூட்டுகளில் உள்ள பெயரிங்குகள் தேய்ந்தால், குறித்த ஒரு வேகத்தில் சுக்கான் நடுங்கத் தொடங்கும். அவற்றை மாற்றாமல், அதிர்வைத் தணிக்கும் தண்டு ஒன்றைப் பூட்டியும் நடுக்கத்தை மறைத்துவிடலாம். நடுக்கம் நின்றது உண்மை. நோய் தீர்ந்தது பொய். கைகள் அறிந்துகொண்டிருந்த எச்சரிக்கை மட்டுமே அங்கு அகற்றப்பட்டது.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழும். அதனை எளிதில் ஒதுக்குதல் நியாயமன்று. முழுமையான திருத்தம் செய்யப் பணம் வேண்டும். பிள்ளையின் படிப்புக்காகவோ தாயின் சிகிச்சைக்காகவோ வண்டியை விற்பவரிடம், சட்டத்தை வெட்டி ஒட்டிவிட்டு விற்குமாறு கூறுதல் வசதியுள்ளோரின் உபதேசமன்றோ? வறுமை சூழ்ந்தவிடத்து ஒட்டுவேலை செய்யாத வீடு எது? இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அது நிறுவுவது ஒட்டுவேலைக்கான உரிமையை மட்டுமே. மறைப்பதற்கான உரிமையை அன்று. கிழிந்த உடையில் தைத்த ஒட்டு எவரையும் ஏமாற்றுவதில்லை. கிழிசல் இருந்த இடத்தை அதுவே காட்டி நிற்கும். அவ்வாறே, தற்காலிகமாகத் திருத்தப்பட்ட இடத்தை வாங்குபவருக்குக் காட்டி, இவ்வளவே செய்ய முடிந்தது என்று கூறுபவர் ஏழையாயினும் வாய்மையாளர். புட்டியின் குற்றம் அதன் மலிவிலன்று, அதன் மௌனத்திலேயே உள்ளது. உண்மை கூறினால் விலை குறையும் என்பதும் மறுக்கத்தக்கதன்று. ஆயினும், அங்ஙனம் குறையாது காக்கப்பட்ட தொகை, மலைப்பாதை ஒன்றில் வில் தாங்கி முறியும்போது அறியாத ஒருவர் செலுத்தப்போகும் தொகையாகும். தன் இடரைத் தானே சுமப்பது வறுமை. அதனை அறியாதவர் தலையில் ஏற்றுவது வறுமையன்று.

மறுபுறத்திலிருந்தும் ஒரு வாதம் உண்டு. பழையதன்மேல் வைத்த பற்று எவ்வளவு தூரம் நியாயமானது? 1980களின் வண்டியில் இன்றைய பாதுகாப்பு வசதிகள் பல இல்லை. அதன் புகையும் மிகுதி. தந்தை ஓட்டியது, இளமையில் ஏறியது என்னும் நினைவுகளுக்காக, சட்டம் முழுவதும் உக்கிய வண்டியில் பிறரை ஏற்றிச் செல்லுதல் அன்பாகாது. சுத்தியலின் ஒலி எங்கும் மந்தமாகவே கேட்குமாயின், திருத்துநரின் கடன் அதனைச் சொல்லுதலே. பேணுதல் என்னும் பண்பினுள் கைவிட வேண்டிய வேளையை அறிதலும் அடங்கும். வருமானத்தை இழந்தேனும் இனி இது ஓடலாகாது என்று கூறும் திருத்துநர், அவ்வேளையிலும் தம் தொழிலையே செய்கின்றார்.

கப்பலின் பலகைகள் மாறலாம். தேர் பெயரளவினதாக இருக்கலாம். வண்டியின் ஒருமை இரும்பிலுள்ளதா வடிவத்திலுள்ளதா என்பது முடிவுறாத விவாதமாகவே தொடரலாம். ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும், மாற்றியது எது, ஒட்டியது எது, இன்னும் உக்கிக்கொண்டிருப்பது எது என்பதை ஒருவர் மற்றவருக்கு உள்ளவாறே கூறிவருவாராயின், உறுப்புகள் யாவும் மாறிய பின்னும் அவ்வண்டிக்கு அறுபடாத ஒரு தொடர்ச்சி உண்டு. அச்சொல் ஒருமுறை அறுந்தால், அடிச்சட்ட எண் பொருந்தினாலும் வாங்கியவர் பெற்றது வேறொரு வண்டியே.