உண்மையைக் காட்டப் பொய் சொல்லலாமா?



பொய் சொல்லலாகாது என்று நம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே கற்பிக்கிறோம். நன்மைக்காகச் சொன்னாலும் பொய் பொய்தான் என்றும் சேர்த்துச் சொல்கிறோம். இப்பாடத்தை நன்கு கற்ற ஒரு பிள்ளை பின்வரும் வரலாற்றைக் கேட்டுவிட்டு, "அவர் செய்தது சரியா?" என்று வினவினால் என்ன பதில் சொல்வீர்கள்?

லூயிஸ் ஹைன் என்பவர் அமெரிக்காவில், நியூயார்க் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908-ம் ஆண்டில் அந்த வேலையை விட்டு, குழந்தைத் தொழிலை ஒழிக்கப் பாடுபட்ட தேசியக் குழுவின் புகைப்படக்காரரானார். அக்காலத்தில் அந்நாட்டுப் பஞ்சாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் சிறுவர்கள் ஏராளமாக உழைத்தனர்; பத்து வயது நிரம்பாதவர்களும் அவர்களில் உண்டு. இதைப் படம் பிடிக்க முதலாளிகள் அனுமதிப்பார்களா? ஆகவே ஹைன் வேடம் போட்டார். ஓரிடத்தில் வேதபுத்தகம் விற்பவர் என்றார். வேறோரிடத்தில் இயந்திரங்களைப் படம் எடுக்க வந்தவர் என்றார். இப்படி உள்ளே நுழைந்து ஆயிரக்கணக்கான படங்களை எடுத்தார். 1909-ல் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகர ஆலையில் எடுத்த படத்தில், அறுந்த நூலை முடியக் கை எட்டாத சிறுவர்கள் நூற்பு இயந்திரத்தின் மேலேயே ஏறி நிற்கிறார்கள்.

வாயிலில் பொய் சொன்னவர், உள்ளே மிகக் கண்டிப்பாக உண்மையைப் பேணினார் என்பதைக் கவனியுங்கள். தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வைத்திருந்து, அருகில் நிற்கும் பிள்ளையின் உயரத்தைக் கணக்கிட்டார். பெயர், வயது, வேலை ஆகியவற்றை விசாரித்து, பையினுள் கையை வைத்தபடியே குறித்துக்கொண்டார். ஒரு வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதினால் மற்றவை அனைத்தையும் பொய்யென்று தள்ளிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். புகைப்படம் பொய் சொல்லாதிருக்கலாம், ஆனால் பொய்யர்களும் புகைப்படம் எடுப்பார்கள் என்று அவரே எச்சரித்திருக்கிறார்.

அப்படியானால் அவருடைய வேடம் குற்றமில்லையா? பொய்யை நற்குணமென்று நான் வாதாட வரவில்லை. ஆயினும் நியாயமாக நிறுத்துப் பார்ப்போம். அவர் மறைத்தது தம்மை. ஆலைக்காரர் மறைத்தது பிள்ளைகளை. அவருக்கு அதனால் செல்வம் சேரவில்லை. 1940-ல் வறுமையில் இறந்தார். இந்த வழக்கில் மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. அந்த நூலில் நெய்த துணியை வாங்கி உடுத்தியவர்கள், இதை நூற்றது யார் என்று கேட்டதுண்டா? வெளிப்படையாகக் கேட்க வேண்டியவர்கள் கேளாதிருந்ததால், ஒருவர் மறைவாகப் போய்ப் பார்த்துவர நேர்ந்தது. அந்தப் பொய்யின் ஒரு பங்கு அவர்கள் கணக்கிலும் சேரும்.

படங்கள் வெளிவந்த உடனே எல்லாம் சீராகிவிடவுமில்லை. 1916-ல் ஒரு சட்டம் பிறந்தது. 1918-ல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நிலையான சட்டம் வர 1938 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தனை ஆண்டுகளும் பார்த்ததை மறவாமல் போராடியவர்கள் இருந்ததால்தான் அப்படங்கள் பயன்பட்டன.

இன்றும் வேலை தீர்ந்தபாடில்லை. 2024-ம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 13 கோடியே 80 இலட்சம் பிள்ளைகள் குழந்தைத் தொழிலில் இருந்ததாக ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் மதிப்பிட்டுள்ளன.

ஆகவே உங்கள் பிள்ளை கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "பொய் தவறுதான், கண்ணே. யாரும் அப்படி வேடம் போட வேண்டாதபடி நாமே கேட்டுத் தெரிந்துகொள்வோம்." சொன்னதோடு நில்லாமல், அடுத்தமுறை கடையில் துணி வாங்கும்போதும், உணவு விடுதியில் சிறுவனொருவன் மேசை துடைக்கும்போதும், பிள்ளையின் முன்னிலையிலேயே கேளுங்கள். கேட்பதற்கு வேடம் தேவையில்லை.