பிரமாஸ்திரமும் அணுகுண்டும்

பாரதங் கற்பிக்கும் ஆசிரியர் சிலர், ‘பிரமாஸ்திரமே இக்காலத்து அணுகுண்டு; நம் முன்னோர் அதனை அன்றே அறிந்திருந்தனர்’ என்று மாணாக்கருக்குச் சொல்லி மகிழ்கின்றனர். நம் நூல்களின்மேல் வைத்த அன்பினால் எழுந்த இம்மகிழ்ச்சியை யாம் பழியோம். ஆயினும், இவ்வொப்புமை விஞ்ஞானத்துக்கும் இதிகாசத்துக்கும் ஒருங்கே இழுக்காமோ என்பது ஆராயத்தக்கது.

முன்னர் விஞ்ஞானத்தை நோக்குவாம். 1938ஆம் ஆண்டின் இறுதியிலே, ஜேர்மனியில் ஹான், ஸ்திராஸ்மன் என்னும் அறிஞரிருவர் செய்த சோதனையால், யுரேனியத்தின் அணுக்கரு நியூத்திரன் தாக்கப் பிளவுபடும் என்பது வெளிப்பட்டது. ஒரு கரு பிளக்கும்போது வெளிப்படும் நியூத்திரன்கள் பிற கருக்களைப் பிளக்கும். இத்தொடர்ச்சியே குண்டின் ஆற்றலுக்குக் காரணம். 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆந் திகதி யப்பானிலே ஹிரோஷிமா நகர்மேல் இடப்பட்ட குண்டில் ஏறத்தாழ 64 கிலோகிராம் யுரேனியம் இருந்தது. அதிற் பிளவுண்டது ஒரு கிலோகிராமுக்குங் குறைவு. அதுவே ஏறக்குறைய 15,000 தொன் வெடிமருந்துக்கு ஒப்பாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டோர் ஏறத்தாழ 140,000 பேர் என மதிப்பிடுவர். அக்குண்டின் பின்னே சுரங்கமும் ஆலையும் கணிதமும் பல்லாயிரவர் உழைப்பும் உள. அசுவத்தாமன் எடுத்ததோ ஒரு புல். அதனைப் படைக்கலமாக்கியது மந்திரம். புல்லிலே யுரேனியத்தைத் தேடுதல் விஞ்ஞானமாகாது.

இங்ஙனங் கூறுதல் இதிகாசத்தைத் தாழ்த்துவதாகாதோ எனின், ஆகாது. துரோணர் தம் மைந்தனது இயல்பை அறிந்து, ‘மானுடர்மேல் ஏவற்க’ என விலக்கியே அவனுக்கு அதனை அளித்தார். போரின் இறுதியில் அவன் அதனை ஏவினான்; அருச்சுனனும் எதிர் ஏவினான். வியாசரும் நாரதரும் இடைநின்று தடுக்க, அடக்கமுடைய அருச்சுனன் தன் அஸ்திரத்தை மீட்டுக்கொண்டான். அசுவத்தாமனுக்கோ மீட்கும் வன்மை இல்லை; அவன் படை கருவிலிருந்த சிசுவின்மேற் சென்றது. ஏந்துவோனது ஒழுக்கமே ஆண்டுப் பேசப்படும் பொருள். குண்டென்று சொல்லி முடிப்போமாயின் அப்பொருள் மறைந்துபோம்.

வேற்றுமை ஒன்று இன்னுங் கருதற்பாலது. கதையிலே ஒழுக்கமில்லாதவனுக்கு அஸ்திரம் முற்றும் வசப்படுவதில்லை. அணுக்கருவோ தன்னைப் பிளப்பவன் நல்லனோ தீயனோ என்று வினவுவதில்லை. வானினின்று விழுந்த குண்டை அதனை இட்டவன் எத்துணை நல்லவனாயினும் மீட்க வல்லனல்லன். ஆகவே மீட்டற்குரிய காலம் ஏவுமுன்னரே உள்ளது. யோசேப்பு ரொட்பிளாட் என்னும் பௌதிக அறிஞர் அமெரிக்காவிலே குண்டாக்கும் பணியில் அமர்ந்திருந்தார். ஜேர்மனி அத்தகைய குண்டை ஆக்கவில்லை என்று அறிந்தபின், 1944ஆம் ஆண்டின் இறுதியில் அப்பணியை விட்டு நீங்கினார். பின்னர் அணுவாயுத ஒழிப்புக்காக நெடுங்காலம் உழைத்து, 1995இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார்.

ஆதலின், ஆசிரியர்காள், வகுப்பிலே இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுக, ஒன்றென்று காட்டற்க. நம் முன்னோரிடங் குண்டிருந்ததா என்று ஆராயும் மாணாக்கனிலும், மீட்கவியலாத ஒன்றைத் தான் ஆக்கலாமா என்று தன்னை வினவும் மாணாக்கனே பாரதத்தைக் கற்றவனாவான். நாளை ஆய்வுகூடத்திற் புகுபவனும் அவனே.