கோணல் முகத்து மீன்

எகிப்தின் கடலோர ஊர்களில் மூசா மீனைத் தலையோடு முழுசாகவே பொரிப்பதுண்டு. சீரகமும் உப்பும் தடவி, மாவில் புரட்டி, எண்ணெயில் போட்டெடுப்பார்கள். பூண்டு, பச்சைக் கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்த்து இடித்த துவையல் மேலே விழும். துவையலை ஒதுக்கிப் பார்த்தால் அதன் முகம் கண்ணை உறுத்தும். இரண்டு கண்ணும் ஒரே பக்கம், வாய் கோணல். திருப்பிப் போட்டால் அடிப்பக்கம் கண்ணே இல்லாமல் வெளிறிக் கிடக்கும். அடிமைகளைக் கரையேற்ற மூசா நபி கடலைப் பிளந்தபோது நடுவில் அகப்பட்டு இரண்டான மீன் இது என்று வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள்.

கதையை விட்டுவிடலாம், அதற்குள் இருக்கும் கேள்வியை விட முடியாது. படைத்தவன் இருக்கிறான் என்றால் இந்த முகம் ஏன் இப்படி?

1871-ல் இங்கிலாந்தின் செயின்ட் ஜார்ஜ் மிவார்ட் மூசா மீன் போன்ற தட்டை மீன்களை டார்வினுக்கு எதிராக எடுத்துவைத்தார். மிவார்ட் உயிரியலாளர், கத்தோலிக்கர். பரிணாமத்தை ஏற்றவர்தான், இயற்கைத் தேர்வு மட்டுமே போதும் என்பதைத்தான் ஏற்கவில்லை. கண் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது என்றால், பாதி வழியில் நின்ற கண்ணால் மீனுக்கு என்ன லாபம்? உயிருக்குள்ளேயே ஓர் உந்துதல் இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் இறைவன் இருக்க வேண்டும் என்றார். மறு ஆண்டு வந்த தன் நூலின் ஆறாம் பதிப்பில் டார்வின் பதில் எழுதினார்: ஒருக்களித்துக் கிடக்கும் குஞ்சு கீழ்க்கண்ணை மேலே திருப்ப முயல்கிறது, அந்தப் பழக்கத்தின் பலன் சந்ததிக்கு இறங்குகிறது. பழக்கம் அப்படி இறங்கும் என்பதை இன்றைய உயிரியல் ஏற்பதில்லை. டார்வினையே தடுமாற வைத்த நல்ல கேள்வி அது.

இத்தாலியின் மோன்ட்டே போல்காவில் கிடைத்த, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவங்களை ஆராய்ந்து 2008-ல் மாட் ஃப்ரீட்மன் விடை சொன்னார். அவற்றில் ஒரு கண் இடம் பெயர்ந்திருக்கிறது, ஆனால் மறுபக்கம் வந்து சேரவில்லை. பாதி வழிக் கண்ணோடும் மீன் வாழ்ந்திருக்கிறது. நம் கடலில் பிடிபடும் எருமை நாக்கு மீனுக்கு இன்றும் நகர்ந்த கண் தலையின் மேல்விளிம்பில்தான் நிற்கிறது.

மிவார்ட் கேட்டதில் தவறில்லை. விடை தெரியாத இடத்தில் இறைவனை நிறுத்தியதுதான் தவறு. விடை வந்த அன்று அந்த நம்பிக்கைக்குக் கால் ஊன்ற இடமில்லாமல் போகிறது. மூசா கதையைச் சொல்பவர் அப்படி எதையும் பணயம் வைக்கவில்லை. கோணல் முகத்தில் அவர் காண்பது அடிமைகள் கரையேறிய நினைவை. கண் எப்படி நகர்ந்தது என்று யார் நிறுவினாலும் அந்த நினைவில் உள்ள நன்றி குறையாது.

மிவார்ட்டுக்குத் தன் திருச்சபையிடமும் இடம் கிடைக்கவில்லை. நரகம் பற்றிய அவருடைய கட்டுரைகள் 1893-ல் தடை நூல் பட்டியலில் சேர்ந்தன. 1900 ஜனவரியில் கர்தினால் வான் அவருக்குத் திருவருட்சாதனங்களை மறுத்தார். ஏப்ரலில் மிவார்ட் இறந்தார். 1904-ல்தான் கத்தோலிக்கக் கல்லறையில் அவரை அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது.