பிழைத்தவன் கணக்கு

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட ஒருவர் வீடு திரும்பியதும் 'பிழைத்துக்கொண்டார்' என்கிறோம். முடிந்துபோன ஒரு காரியத்தைச் சொல்கிற தொனியில் சொல்கிறோம். வாசலில் ஆரத்தி எடுத்து, நேர்ந்துகொண்டதை மலையனூர் அம்மனுக்குச் செலுத்தி, விஷயத்தை முடித்தும் வைத்துவிடுகிறோம். இந்த வினைமுற்று எத்தனை நாளைக்கு உண்மை? கேள்வி வைத்தியர்களுடையது என்று தோன்றலாம். ஒருவனைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள யாருக்கு, எப்போது உரிமை வருகிறது என்று மாற்றிக் கேட்டால் அது தர்மம் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. நான் கேட்பது இரண்டாவது விதத்தில்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. கோயம்புத்தூர் இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் அவருடைய சகாக்களும் 2012 ஆகஸ்டிலிருந்து 2014 ஜூன் வரை சேகரித்த விவரங்கள் 2017இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதயவியல் பத்திரிகையில் வெளியாயின. ரத்தக் குழாய் முற்றாக அடைபட்டு வருகிற மாரடைப்பு பற்றியது. 35 ஆஸ்பத்திரிகளை நான்கு தொகுதிகளாகப் பிணைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி சக்கரத்தின் குடம், சின்னவை ஆரங்கள் என்கிற உருவகம் அவர்களுடையது. சின்ன ஊரில் ஈ.சி.ஜி. பார்த்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே கொடுத்து, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்ய வைப்பது ஏற்பாடு. இந்த ஏற்பாட்டுக்கு முன் 898 நோயாளிகள், பின் 1522 நோயாளிகள், ஆக 2420 பேர். ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆனார்கள். பலூன் வைத்து அடைப்புத் திறக்கப்பட்டவர்கள் 29.5இலிருந்து 46.5. சின்ன ஆஸ்பத்திரியில் போய் விழுந்தவர்களுக்குத்தான் அதிக முன்னேற்றம்.

படித்துக்கொண்டே போனவன் நின்றுவிட்டது இதற்கு அடுத்த வரியில். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இறந்தவர்கள் ஏற்பாட்டுக்கு முன் 5.8 சதவீதம், பின் 5.6. வித்தியாசமே இல்லை எனலாம். ஓராண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது முன்னதில் 17.6, பின்னதில் 14.2.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று கணக்கை முடித்திருந்தால் இத்தனை பிரயத்தனமும் வீண் என்று எழுதியிருக்க வேண்டும். ஓராண்டு காத்திருந்து எண்ணியதால் வேறு எழுத முடிந்தது. முன்-பின் ஒப்பீடுதான், சீட்டுக் குலுக்கி நோயாளிகளைப் பிரித்துச் செய்த பரிசோதனை அல்ல, ஆகவே காரணம் இதுவேதான் என்று அறுதியிட முடியாது என்பதும் தெரிந்ததே. ஆனால் இன்னொரு விஷயத்துக்குப் புள்ளிவிவர சாஸ்திரம் தேவையில்லை. ஓராண்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆரத்தி எடுத்து வீட்டுக்குள் அழைக்கப்பட்டவர்கள். 'பிழைத்துக்கொண்டார்' என்று நாம் சொன்னது அவர்களைப் பற்றியும்தான்.

காப்பாற்றுதல் என்பது நம் மனசில் ஒரு கணத்தில் நடந்து முடிகிற சம்பவமாகவே இருக்கிறது. திருக்கடையூரில் சிவன் யமனை உதைத்தது ஒரே ஒரு தடவை. மார்க்கண்டேயன் அப்புறம் என்றும் பதினாறு. அவனுக்கு 17 வயது ஆகவில்லை, ஆகவே 17ஆம் வயதின் பிரச்னையும் இல்லை. காலத்தை ரத்து செய்துவிட்டுத்தான் அந்தக் கதை அவனைக் காப்பாற்றுகிறது. சாவித்திரி கதை இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. நூறு பிள்ளைகள் வேண்டும் என்ற வரத்தை வாங்கிக்கொண்டு, புருஷன் இல்லாமல் அது எப்படி என்று அவள் யமனை மடக்குகிறாள். காரடையான் நோன்புக்கு அடை தட்டுவதோடு நாம் நிறுத்திக்கொள்கிற இந்தக் கதையில் ஒரு நியாய சாஸ்திரம் இருக்கிறது: ஒன்றைக் கொடுக்கிறேன் என்று சொன்னவன், அது இருந்து நிலைப்பதற்கு எதெல்லாம் வேண்டுமோ அதையும் கொடுக்கக் கடமைப்பட்டவன். யமனே இதை ஒப்புக்கொண்டான். டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட்டதோடு தன் பங்கு முடிந்தது என்று நினைக்கிற ஒரு அமைப்பு யமனைவிடக் குறைந்த தர்மம் உடையது என்று சொன்னால் மிகையாகுமா?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 17.6இலிருந்து 14.2ஐக் கழித்தால் நூற்றுக்கு மூன்று பேர், மூன்றரைப் பேர். அவர்கள் யார்? யாராலும் சொல்ல முடியாது. அவர்களுக்கே தெரியாது. தப்பித்த நூறு பேரும் ஒரே மாதிரி சந்தையில் கத்திரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். முகமில்லாத இந்த மூன்று பேரால் நன்றி சொல்ல முடியாது, காப்பாற்றியவர் யாரென்றும் அவர்களுக்குக் காட்ட முடியாது. நம்முடைய தான தர்மமோ முகம் பார்த்துச் செய்கிற தர்மம். கோயில் ட்யூப் லைட்டில் வெளிச்சம் வருகிற இடமெல்லாம் உபயதாரர் பெயர். நடுராத்திரி காரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரை முண்டியம்பாக்கத்துக்கோ பாண்டிச்சேரி ஜிப்மருக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள் செஞ்சியில் நிறைய உண்டு. அது உயர்ந்த காரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆறாவது மாசம் அதே பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை வாங்கினாரா என்று விசாரிப்பவர்கள் இல்லை. ஏன் இல்லை என்றால் அதில் ராத்திரி இல்லை, கார் இல்லை.

அவர் இறந்துபோனால் மட்டும் காரணம் தயாராக இருக்கிறது. 'மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை', 'பீடியை விடவில்லை', கடைசியில் 'அவர் ஆயுசு அவ்வளவுதான்'. ஒருவனுடைய குணத்திலோ விதியிலோ அவன் சாவுக்குக் காரணம் தேடுகிற இந்தப் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். 2008இல் டெனிஸ் சேவியரும் மற்றவர்களும் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வு இந்தியாவின் 50 நகரங்களில் 89 ஆஸ்பத்திரிகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றியது. முப்பது நாளில் இறந்த ஏழைகள் 8.2 சதவீதம், பணக்காரர்கள் 5.5. வயது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகை என்று நோயாளியின் வித்தியாசங்களைக் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். இடைவெளி அப்படியே நின்றது. கொடுக்கப்பட்ட சிகிச்சையில் இருந்த வித்தியாசத்தைக் கழித்தார்கள், இடைவெளி மறைந்துவிட்டது. கிரேக்க நாடகத்தின் விதி பற்றி நம் பத்திரிகைகளில் எத்தனையோ கட்டுரை எழுதியாயிற்று. இந்த ஒரு கழித்தல் கணக்கு அவற்றில் பலவற்றைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. இதே ஆய்வில், குழாய் முற்றாக அடைபட்டவர்கள் வலி கண்டு ஆஸ்பத்திரி வந்து சேர ஆன நேரத்தின் நடு அளவு 6 மணி. நகரத்து ஆஸ்பத்திரிகளில் இப்படி.

வீட்டுக்கு வந்த பிறகு? 2011இல் சலீம் யூசுஃபும் சகாக்களும் பல நாடுகளில் இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களிடம் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு வெளியிட்டார்கள். இந்தியாவும் சேர்ந்த குறைந்த வருமான நாடுகளின் பிரிவில், பலன் நிரூபிக்கப்பட்ட நான்கு வகை மருந்துகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடாதவர்கள் 80 சதவீதம். நான்கில் ஒன்று ஆஸ்பிரின். அதன் விலை வாசகருக்குத் தெரியும். பத்தில் எட்டுப் பேர் குணம் கெட்டவர்கள் என்று சொல்ல யாருக்காவது துணிவிருந்தால் சொல்லட்டும்.

வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தச் சாவுகளின் முன்னுரை கண்ணில் படும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டொரு வாரத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக வருகிறார்கள். கணக்கில் அந்தம்மா பெயரையும் சேர்க்க வேண்டும். 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று படிவத்தில் குறிக்கிறேன்: இருவரில் ஒருவர், அல்லது மிஞ்சியிருப்பவர். பிழைத்துக்கொண்டார் என்று ஊர் சொல்கிறது. வீட்டுக்காரர்கள் போடுகிற கையெழுத்து வேறு சொல்கிறது. அப்புறம் நகைக்கடன். இன்ஷூரன்ஸ் திட்டம் ஆஞ்சியோ செலவை ஏற்றுக்கொண்டாலும், போகவர வண்டிச் செலவையும் கூட இருப்பவர் சாப்பாட்டையும் வேலைக்குப் போகாத மாசங்களையும் எந்தத் திட்டமும் ஏற்பதில்லை. தோடு வரும், பிறகு தாலிச் சரடு வரும்.

நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிரோடிருக்கும் சான்று கொடுக்க வருவார்கள். ஓராண்டுக்கு ஒரு தடவை 'இருக்கிறீர்களா' என்று கேட்கிற அமைப்பு, யோசித்துப் பார்த்தால், இந்த ஊரில் வங்கி ஒன்றுதான். அதுவும் பணம் வீணாகப் போய்விடக் கூடாதே என்பதற்காக. இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் விரல் ரேகை பதிய மறுத்த மெஷினோடு மல்லாடிக்கொண்டே சொன்னார்: "உசுரோட இருக்கேன்னு போட்டுக்குங்க தம்பி. நல்லா இருக்கேன்னு போட்டுடாதீங்க."

அவர் சொன்ன இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளக்க ஒரு பெரிய ஆய்வு முயன்றது. 24 ஆஸ்பத்திரிகள், 3959 நோயாளிகள், மாரடைப்புக்குப் பின் யோகாசனப் பயிற்சி. முடிவுகள் 2020இல் வெளிவந்தன. சாவையும் மறு மாரடைப்பையும் பயிற்சி குறைத்தது என்று நிரூபணமாகவில்லை. ஆனால் நோய்க்கு முன் செய்துகொண்டிருந்த காரியங்களுக்குத் திரும்பினாயா என்றும் கேட்டிருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் அதில் மேலாக இருந்தார்கள். யோகாவைவிட அந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். தமிழில் பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல், ஜீவனம் நடத்துதல் இரண்டும். கரும்பு வெட்டுகிறவர் வெட்டப் போகாவிட்டால் 'பிழைப்பு போச்சு' என்பார். உயிரோடு உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார்.

நம் இலக்கியத்துக்கு இதெல்லாம் ருசிக்கவில்லை. டால்ஸ்டாயின் இவான் இலியிச் சாகிற வரைக்கும் அவனோடு போகத் தயாராக இருக்கிறோம். அவன் பிழைத்து, உப்பைக் குறைத்து, படியேற பயந்து, இன்னொரு 12 வருஷம் ஆபீஸ் போயிருந்தால் அதை எழுத ஆளில்லை. புதுக்கவிதையில் மரணம் வந்த தடவைகளை எண்ணி முடியாது. மாத்திரை டப்பா வந்த தடவைகளை எண்ணிவிடலாம். இது நவீனர்களின் குற்றம் மட்டுமல்ல. 1714இல் ஒரே நாள் சண்டையில் 22 வயதில் விழுந்த தேசிங்கு ராஜாவுக்குக் கதைப்பாட்டு இருக்கிறது. அதற்கு முன் 1690இலிருந்து 1698 வரை இதே கோட்டை மொகலாயர் முற்றுகையை ஏறக்குறைய எட்டு வருஷம் தாங்கியது. களஞ்சியமும் குளமும், அன்றன்றைக்கு நெல் அளந்து கொடுத்தவனும் இல்லாமல் அது நடந்திருக்காது. நெல் அளந்தவனை யாரும் பாடவில்லை. 2025இல் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகளோடு செஞ்சியையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் ராஜகிரி உச்சியைப் படம் எடுக்க வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வௌவால் நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

மறுபடி அந்தத் தமிழ்நாட்டு ஆய்வுக்கு வருகிறேன். கூட்டல் சரிபார்ப்பது என் உத்தியோகம். ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டில் இறந்தவர்கள் 134, அது 17.6 சதவீதம் என்றால் மொத்தம் 761 வருகிறது, 898 அல்ல. பின்னதில் 179 பேர் 14.2 சதவீதம் என்றால் மொத்தம் 1260, 1522 அல்ல. இரண்டிலும் சேர்ந்து சுமார் 400 பேர் ஓராண்டுக் கணக்கில் இல்லை. ஆய்வாளர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. இவ்வளவு பேரைத் தேடிப் பிடித்ததே பெரிய காரியம். ஆனால் அந்த 400 பேர் என்ன ஆனார்கள் என்பது என்னை விடமாட்டேன் என்கிறது. போன் நம்பரை மாற்றியிருக்கலாம். பெங்களூரில் மகன் கட்டட வேலை செய்கிற இடத்துக்குப் போயிருக்கலாம். இறந்திருக்கலாம். வங்கியில் இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கை இயங்காக் கணக்கு என்று தனியே வைப்போம். பத்து வருஷமானால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அதற்குப் பிறகும் உரியவர் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். காசுக்கு இவ்வளவு சட்டம் இருக்கிறது. இந்த 400 பேரை இறந்தவர் பத்தியில் எழுதினால் அவசரம், இருப்பவர் பத்தியில் எழுதினால் பொய். தனிப் பத்தி போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டிய ஒருவருடைய பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்ற பெயரில் கிராமத்துப் பெண்கள் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஆகவே நடக்காத காரியம் என்று சொல்வதற்கில்லை. செஞ்சி வட்டாரத்துக்கு அப்படி ஒருவர் என்றால் அவருக்கு ஒரு நோட்டும், ஒரு டி.வி.எஸ். எக்ஸெல்லும், பெட்ரோல் காசும் வேண்டியிருக்கும்.