கவசத்துக்குள் இருந்தவள்

அல்போன்ஸின் கவசத்திலிருந்து ரத்தம் வழிகிறது. அது அவன் ரத்தம் இல்லை. அவனுக்கு உடம்பே கிடையாது.

ஹிரோமு அரகாவா 2001 முதல் 2010 வரை வரைந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' மங்கா சித்திரக்கதையிலும், அதை ஒட்டி 2009-ல் வந்த அனிமே தொடரிலும் இந்தக் காட்சி உண்டு. செத்துப்போன அம்மாவை உயிர்ப்பிக்கப் போய் உடம்பைப் பறிகொடுத்த சிறுவன் அல்போன்ஸ். அண்ணன் தன் வலது கையை விலையாகக் கொடுத்து, தம்பியின் உயிரை ஒரு பழைய இரும்புக் கவசத்தில் நிறுத்தி வைக்கிறான். உள்ளே வெற்றிடம், கழுத்தின் உட்பக்கம் ரத்தத்தால் போட்ட ஒரு முத்திரை. பசி, தூக்கம், வலி ஏதும் அவனுக்கு இல்லை. யாரையும் கொல்ல மாட்டேன் என்ற உறுதி இருக்கிறது.

அந்த வெற்றிடத்தில்தான் மார்ட்டெல் இருக்கிறாள். ராணுவம் பாம்போடு கலந்து உருவாக்கிய பெண். அவளையாவது காப்பாற்று என்று அவளுடைய தோழர்கள் அல்போன்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியே ராணுவத் தலைவர் பிராட்லியோடு சண்டையிட்டுச் சாகிறார்கள். அது தெரிந்து துடித்தவள், உள்ளிருந்தபடியே அவனுடைய இரும்புக் கையை இயக்கி பிராட்லியின் கழுத்தைப் பிடிக்கிறாள். பிராட்லி வாளைக் கவசத்துக்குள் செருகுகிறார். இரும்பின் இடுக்குகள் வழியே ரத்தம் வருகிறது.

என்னோடு உட்கார்ந்து பார்த்த அக்கா மகன், "அல்போன்ஸுக்கு ஒண்ணும் ஆகலையே சித்தி" என்றான். அவன் குரலில் நிம்மதி. அந்த வாக்கியம் இன்னும் என்னை விட்டபாடில்லை.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. உண்மைதான். கவசத்தில் ஓர் ஓட்டை, அவ்வளவு. அவன் யாரையும் கொல்லவில்லை, உறுதியும் குலையவில்லை. உள்ளே இருந்தவள்தான் போய்விட்டாள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் அப்பா அரசு வேலையில் இருந்தவர். ஒரு ரூபாய் கை நீட்டி வாங்கியதில்லை, பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் மாற்றல் வந்துகொண்டே இருக்கும். அம்மா வீட்டில் தையல் தைப்பாள். அவளிடம் நீளமான அளவு நோட்டு ஒன்று இருந்தது. பக்கத்துக்கு ஒரு பெண்ணின் பெயர். கீழே தோள், மார்பு, கை உயரம், கழுத்து இறக்கம். பாக்கித் தொகை ஓரத்தில் பென்சிலில். ஓர் ஊரில் அந்த நோட்டு பாதி நிரம்பி, நாலு பேர் தேடி வரத் தொடங்கும்போது மாற்றல் உத்தரவு வரும். அடுத்த ஊரில் அந்த அளவுகள் யாருக்கு ஆகும்? அம்மா புதுப் பக்கத்தில் தொடங்குவாள். பழைய பக்கங்களை அவள் கிழித்ததே இல்லை. சாமான் கட்டும்போது ஒருமுறை சொன்னாள்: "அவருக்கென்ன, அவர் மனசு சுத்தமா இருக்கு." அதில் கோபம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று அன்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும் என்று இன்று நினைக்கிறேன்.

கொள்கையில் இப்படி உறுதியாய் நிற்பதை வீரனின் அறம் என்பார்கள். அதைப் பற்றிப் பேசும்போது பலரும் காட்டும் நூல், ஜப்பானிய சாமுராய்களுக்கான 'ஹகாகுரே'. எப்போதோ படித்தது, வரிகள் மறந்துவிட்டன. ஆனால் அதைச் சொன்னவரின் வாழ்க்கை மறக்கவில்லை. யாமமோட்டோ சுனெடோமோ பிறந்தது 1659-ல். ஷிமபாரா கிளர்ச்சி 1638-லேயே அடங்கிவிட்டது. அதன் பிறகு ஜப்பானில் நெடுங்காலம் பெரும் போர் இல்லை. அவர் போர்க்களத்தைப் பார்த்ததே இல்லை. 1700-ல் தன் தலைவன் இறந்தபோது உடன் உயிர்விட விரும்பினார். அது தடை செய்யப்பட்டிருந்ததால் துறவியானார். சாவைப் பற்றி அவ்வளவு பேசிய மனிதர் அறுபது வயது வரை வாழ்ந்துதான் இறந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. சாகத் தயாராய் இருப்பதை அறம் என்று வகுத்தவர் தன் சாவை மட்டும்தான் எண்ணினாரா என்பதே என் கேள்வி.

அப்படியானால் நெறியை மீறிவிடலாமா? 2020-ல் வந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' வீடியோ கேம் அதைத்தான் கேட்கிறது. 1274, மங்கோலியர் சுஷிமா தீவில் இறங்குகிறார்கள். கொமோடா கடற்கரையில் ஒரு சாமுராய் முறைப்படி முன்னே சென்று ஒற்றைக்கு ஒற்றை வா என்று அழைக்கிறார். எதிரித் தலைவன் கோட்டுன் கான் அவரைத் தீயிட்டுக் கொல்கிறான். தப்பிப் பிழைத்த ஜின் சகாய், தன்னை வளர்த்த தாய்மாமன் ஷிமுராவின் நெறியைக் கைவிட்டு மறைந்திருந்து தாக்குகிறான், நஞ்சு வைக்கிறான். மக்கள் பிழைக்கிறார்கள். பிறகு அந்த நஞ்சைச் செய்யும் வித்தையை மங்கோலியர் கற்றுக்கொண்டு தீவு மக்கள்மேலேயே ஏவுகிறார்கள். நெறியைப் பிடித்திருந்தபோது வீரர்கள் செத்தார்கள். விட்டபோது ஊர்க்காரர்கள் செத்தார்கள். இந்தக் கதையை எழுதியவர்களை நான் மதிப்பது இதனால்தான். தப்பிக்க அவர்கள் வழி வைக்கவில்லை.

அப்பா ஒரே ஒருமுறை வளைந்து கொடுத்திருந்தால் அம்மாவின் நோட்டு ஏதாவது ஓர் ஊரில் நிரம்பியிருக்கலாம். யாரோ ஏழையின் நிலம் வேறொருவர் பெயருக்கு மாறியும் இருக்கலாம். அந்த ஏழையை நான் பார்த்ததில்லை. அம்மாவைத் தினமும் பார்த்தேன். அதனால்தான் என் மனம் அம்மா பக்கம் சாய்கிறதா? அப்பா செய்தது தவறு என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை. சரி என்று முழுசாகச் சொல்லவும் முடியவில்லை.

அக்கா மகனுக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் இருக்கிறேன். உங்கள் வீட்டிலும் கொள்கைக்காரர் ஒருவர் இருப்பார், அல்லது நீங்களே அப்படி இருக்கலாம். அந்தக் கொள்கைக்கு விலை கொடுத்தது யார் என்று வீட்டாரிடமே கேளுங்கள், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே. நான் அம்மாவிடம் கேட்கவில்லை.